எந்த வேகத்தில் ஆடுகிறது?

2024 தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து திருச்சி போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் அப்பா, பின்னால் மனைவியும் மகளும். செங்குறிச்சி சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்து வெளியே வந்து மூன்றாவது கியர் போடும்போது ஸ்டியரிங் என் கையில் இடமும் வலமுமாக மெல்லப் போய்வந்தது. நடுக்கம் என்று சொல்ல முடியாது, ஊஞ்சல் மாதிரி. வேகம் கூடியதும் காணாமல் போனது. தொண்ணூறைத் தொட்டபோது வேறு மாதிரி, பொடியாக நடுங்கியது.

“என்னடா இது?” என்றார் அப்பா.

“ரோடு சரியில்லப்பா.”

“ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு.”

இரண்டு வாரத்துக்கு முன்புதான் நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங் பார்த்திருந்தேன். எந்திரம் உள்பக்கம் 0, வெளிப்பக்கம் 0 என்று காட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்து, போனில் படமும் எடுத்து வைத்திருந்தேன். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு எந்திரம் காட்டும் பூஜ்யத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு. அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையை டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரசுத் துறை ஒன்றில் 28 வருஷம் ஜீப் ஓட்டியவர். கொஞ்ச நேரம் கழித்து, “வேப்பூர்ல நிறுத்து” என்றார்.

பெரம்பலூர் பக்கம் இன்னொரு வேப்பூர் உண்டு. இது விருத்தாசலத்துக்கு மேற்கே, கடலூர்-சேலம் சாலை சென்னை-திருச்சி நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டுகிற வேப்பூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். தீபாவளிக்கு முந்தைய வெள்ளி வேறு. டாட்டா ஏஸ்களில் அடுக்கிய ஆடுகளைத் தாண்டி, சர்வீஸ் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தினோம்.

மெக்கானிக்குக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பானெட்டைத் திறக்கவில்லை, ஸ்பேனரையும் எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

“எந்த வேகத்துல ஆடுது தம்பி?”

“தொண்ணூறுல.”

“நூறு போனா?”

“கொஞ்சம் கொறையுதுண்ணே.”

“பிரேக் புடிச்சா கூடுதா?”

“இல்ல.”

“ஸ்டியரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?”

“ஸ்டியரிங்.”

“முப்பதுல?”

நான் தயங்கினேன். அப்பா பின்னாலிருந்து “ஆடுது” என்றார்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார். அந்த ஐந்து கேள்விகளில் அவர் பாதி வண்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிரேக் பிடித்தால் மட்டும் ஆடுமானால் பிரேக் டிஸ்க் ஒரே தடிமனாக இல்லை. சீட்டு ஆடினால் பின்சக்கரம், ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் அடங்குமானால் சக்கரத்தின் எடை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. முப்பதிலேயே ஆடினால் எடையின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான் கல்லூரியில் படித்தது மெக்கானிக்கல்தான். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் போல மென்பொருளுக்கு வந்துவிட்டேன். என் காரின் டயர் 165/80, 14 அங்குல ரிம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.95 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 13 சுற்று. ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை மூன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு நொடிக்கு 13 முறை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்பங்கு: 45ல் ஒரு கிலோகூட இல்லை, கைக்குத் தெரியாது. அதோடு முன்சக்கரமும் அதைத் தாங்கும் பாகங்களும் ஸ்டியரிங்கும் சேர்ந்த அமைப்புக்குச் சொந்தமாக ஒரு அதிர்வெண் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள் வரும். சக்கரத்தின் சுற்றும் இதுவும் ஒத்துப்போகிற வேகத்தில் ஆட்டம் பெரிதாகிறது, தாண்டினால் குறைகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரிதான்.

“எந்த வேகத்துல?” என்ற கேள்வியைக் கார் ஓட்டுகிறவர்கள் முதன்முதலில் பதற்றத்தோடு கேட்டுக்கொண்டது நூறு வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்.

1920களின் தொடக்கம்வரை காரின் டயர்கள் ஒல்லியானவை, கல் மாதிரி காற்றடைத்தவை. 1923ல் ஃபயர்ஸ்டோன் ‘பலூன் டயர்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அகலமானது, மென்மையானது, பழையதில் பாதி அழுத்தம் போதும். குண்டும் குழியுமான சாலையில் முதுகெலும்பு பிழைத்தது என்று மக்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். (நம் ஊரில் வரிசை தலைகீழ். 1946ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கி, அங்கிருந்துதான் எம்.ஆர்.எஃப். டயருக்கு வந்தார்.) அதே ஆண்டுகளில்தான் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வைக்கும் வழக்கம் பரவியது. அதுவரை பெரும்பாலான கார்களுக்குப் பின்சக்கரத்தில் மட்டுமே பிரேக்.

இரண்டும் நல்ல மாற்றங்கள். இரண்டும் சேர்ந்தபோது கார்கள் ஆட ஆரம்பித்தன. சாதாரண நடுக்கம் இல்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இரண்டு முன்சக்கரங்களும் இடவலமாக வெறிபிடித்து அடித்துக்கொள்ளும், ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது, வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் தோள்களைக் குலுக்கி ஆடும் ‘ஷிம்மி’ என்ற நடனம் பிரபலமாக இருந்தது. அந்தப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். இன்றுவரை பொறியியல் நூல்களில் அதே பெயர்தான். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் ஒன்று திடீரென்று படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஷிம்மிதான்.

அன்றைய கார்களின் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைத்தது, மாட்டுவண்டியைப் போல. சைக்கிள் சக்கரத்தை இரண்டு கையாலும் அச்சில் பிடித்து வேகமாகச் சுற்றவிட்டு, அச்சைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாய்த்தால் சக்கரம் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். பம்பரத்தின் குணம். இடது சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் அச்சு சாய்கிறது. சாய்ந்ததால் சுழலும் சக்கரங்கள் திரும்புகின்றன. திரும்பியதால் டயர் பக்கவாட்டில் உந்துகிறது. அந்த உந்தல் அச்சை மறுபக்கம் சாய்க்கிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் வெளியிலிருந்து யாரும் தள்ள வேண்டாம், வண்டியின் ஓட்டமே தீனி போடும். எடை சாய்ந்த சக்கரத்துக்கும் ஷிம்மிக்கும் உள்ள வித்தியாசம் இது. முன்னது, தள்ளும் வேகத்தைத் தாண்டிப்போனால் விட்டுவிடும். பின்னது தானாகத் தன்னை வளர்த்துக்கொள்ளும்.

அப்படியானால் 1910களின் கார்கள் ஏன் இவ்வளவு ஆடவில்லை? அவற்றுக்கும் அதே இரும்பு அச்சுதானே? ஆட்டத்துக்கான வேகம் அவற்றிலும் இருந்தது. ஆனால் கடினமான டயரும் எடை குறைந்த முன்சக்கரமும் சேர்ந்து அந்த வேகத்தை உயரத்தில் வைத்திருந்தன. யாரும் அங்கே போகவில்லை. மென்மையான டயர் அமைப்பின் விறைப்பைக் குறைத்தது. பிரேக் டிரம் சக்கரத்தின் எடையைக் கூட்டியது. இரண்டும் அதிர்வெண்ணைக் கீழே இறக்குகிற காரியங்கள். ஆட்டத்தின் வேகம் கீழே இறங்கிவந்தது. கான்கிரீட் சாலைகளும் பெரிய எஞ்சின்களும் ஓட்டுகிறவனை மேலே ஏற்றிக்கொண்டு போயின. இருவரும் வழியில் சந்தித்துக்கொண்டார்கள்.

பிரான்சில் ஜார்ஜ் புரூலியே என்ற பொறியாளர் 1925ல் இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே ஷிம்மி என்ற சொல் இருக்கிறது. அதில் அவர் போகிறபோக்கில் ஒன்றைப் பிடித்தார்: பக்கவாட்டு விசை படும்போது ரப்பர் டயர் தான் பார்க்கிற திசையில் போவதில்லை, சற்றே விலகிப் போகிறது. தரையைத் தொடும் பகுதி நசுங்கி நகர்வதால் வருவது. பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் நடுவே ஒரு சிறு கோணம். கார் எப்படி வளைவில் திரும்புகிறது என்பதைப் பற்றி அதற்குப் பிறகு எழுதப்பட்ட எல்லாக் கணக்குகளும், இன்று கார் பந்தய கணினி விளையாட்டு எழுதுகிறவர் போடும் சமன்பாடு உட்பட, அந்தக் கோணத்திலிருந்துதான் தொடங்குகின்றன. டயர் எப்படி உருள்கிறது என்றுகூடத் தெரியாமல்தான் உலகம் அதுவரை கோடிக்கணக்கில் கார் செய்து விற்றிருக்கிறது.

தீர்வு பக்கம் முக்கியமான பெயர் மாரிஸ் ஓலி. வேல்ஸில் பிறந்தவர், ரோல்ஸ்-ராய்ஸில் வேலை பார்த்து, 1930 இறுதியில் டெட்ராய்ட்டில் காடிலாக் நிறுவனத்துக்கு வந்தார். 1932ல் ஒரு பெரிய லிமோசின் காரின் முன்னும் பின்னும் எடைகளைத் தொங்கவிட்டு, மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். சவாரி சுகமாக இருக்கிறதா என்று அளக்க அவர்களிடம் கருவி எதுவும் கிடையாது. ஏறி உட்கார்ந்தவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் முடிவுசெய்தார்கள். முன்பக்கம் ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் சவாரி பிரமாதம். ஆனால் இரும்பு அச்சோடு மென்மையான ஸ்பிரிங்கை வைத்தால் ஷிம்மி வந்து நிற்கும். ஆகவே அச்சையே எடுத்துவிடுவது, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனிக் கை கொடுப்பது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு சக்கரம் ஏறினால் மற்றதற்குத் தெரியாது. பம்பரச் சங்கிலி அறுந்துபோகும். 1933 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமைக்கு ஓட்டிக் காட்டினார்கள். 1934 மாடல் கார்களில் அது வந்துவிட்டது. இத்தாலியில் லான்சியா லாம்டா 1922லேயே இதைச் செய்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லட்சக்கணக்கான கார்களுக்குக் கொண்டுபோனது டெட்ராய்ட்.

இந்தியாவுக்கு இந்தக் கதையின் இரண்டு அத்தியாயமும் ஒரே சமயத்தில் வந்தன. 1958லிருந்து வந்த அம்பாசடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. முன்சக்கரங்கள் தனித்தனி, டார்ஷன் பார் எனப்படும் முறுக்குக் கம்பி ஸ்பிரிங். ஃபியட்டும் தனித்தனி. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் செய்த ஹெரால்டும் அப்படியே. ஆனால் மகிந்திரா 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புக்கு முன்னாலும் ஒரே இரும்பு அச்சு, பட்டை ஸ்பிரிங். தாசில்தார், பி.டி.ஓ., இன்ஜினியர் என்று அரசாங்கம் கிராமத்துக்கு வந்ததெல்லாம் அந்த ஜீப்பில்தான். ஆக, 1925ல் பாரிஸில் கட்டுரை எழுதப்பட்ட அதே ஆட்டத்தை 1985ல் தமிழ்நாட்டு அரசு டிரைவர்கள் சம்பளத்தோடு அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா சொல்லியிருக்கிறார். ஒரு பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் விழுந்து எழும். உடனே ஸ்டியரிங் கையைத் தட்டிவிட்டு ஆடும். புதிதாக ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரேக்கை ஓங்கி மிதிப்பான். “மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டர விட்டுடணும். ஸ்டியரிங்க மாட்டு மூக்கணாங்கயிறு மாதிரி புடிக்கணும், விடவும் கூடாது இழுக்கவும் கூடாது. இருவதுக்கு வந்தா அதுவே நிக்கும்.” கிங் பின்னில் புஷ் தேய்ந்திருந்தால் அடிக்கடி வரும். புதிய புஷ்ஷுக்கு எழுதிப்போட்டால் வர மாதக்கணக்காகும். அதுவரை என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “நாப்பதுல ஓட்டினோம்” என்றார்.

அந்தப் பதிலை நான் வெகுநாள் நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். வேப்பூர் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது ஒரு தொழில்நுட்பத் தீர்வு என்று புரிந்தது.

அந்தச் சாலைக்குப் பழைய பெயர் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. பிறகு தேசிய நெடுஞ்சாலை 45. இந்த இடத்தில் இப்போது எண் 38. என் சின்ன வயதில் அது இருவழிச் சாலை. இரண்டு பக்கமும் புளியமரங்கள், மரத்தில் வெள்ளைப் பட்டை. எதிரே லாரி, முன்னே கரும்பு வண்டி, நடுவே ஆடுமாடு. கார் வைத்திருந்தவர்கள்கூட அறுபதைத் தாண்டி ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல ஓட்ட முடியாது. அந்தச் சாலையில் 90ல் வரும் ஆட்டம் என்ற நோய் கிடையவே கிடையாது. சக்கரத்தில் 30 கிராம் சாய்ந்திருந்ததா? இருந்திருக்கும். ஒவ்வொரு வண்டியிலும் இருந்திருக்கும். கூப்பிட ஆளில்லாததால் தூங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குகள் அறிந்ததெல்லாம் குழிச்சாலையின் நோய்கள்: புஷ் தேய்வது, ஸ்பிரிங் பட்டை முறிவது, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிவது. 2010ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தப் பகுதி நான்குவழியானது. மரங்கள் போயின. அறுபது தொண்ணூறானது. வழிநெடுக ஊர்களில் ‘கம்ப்யூட்டர் வீல் அலைன்மெண்ட், பேலன்சிங்’ என்ற போர்டுகள் முளைத்தன. 1923ல் டயர் ஆட்டத்தைக் கீழே கொண்டுவந்தது. இங்கே சாலை நம்மை மேலே கொண்டுபோனது. சந்திப்பு அதேதான்.

“சாலை போடுறதுக்கு முன்னாடி இங்க பேலன்சிங்னு யாரும் கேட்டதில்ல” என்றார் மெக்கானிக், முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக்கொண்டே. “அப்பல்லாம் சத்தந்தான். எல்லாரும் சத்தத்துக்குத்தான் வருவாங்க.”

சத்தங்களுக்கும் வரலாறு உண்டு. அம்பாசடரில் எஞ்சின் முன்னால், தள்ளுவது பின்சக்கரம்; நடுவே நீண்ட தண்டு. கிளட்ச்சை விடும்போது வண்டிக்கடியில் ‘ணங்’ என்று ஒன்று கேட்டால் அந்தத் தண்டின் முனையிலிருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. பின்னாலிருந்து வேகத்துக்கேற்ப ‘உய்ங்’ என்று இழுத்தால் டிஃபரன்ஷியல். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நம் சாலைகளில் பெருவாரியாக ஓடிய முதல் முன்சக்கர இயக்கக் கார் அது. தண்டு போயிற்று, ‘ணங்’கும் அதோடு போயிற்று. பதிலுக்கு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்று ஒரு புதுச் சத்தம் வந்தது. திரும்பும் சக்கரத்துக்கே எஞ்சினின் விசையும் போக வேண்டும் என்றால் நடுவே ஒரு விசேஷ மூட்டு தேவை. ஃபோர்டில் வேலைபார்த்த ஆல்ஃபிரெட் ரெப்பா 1920களின் பிற்பாதியில் கண்டுபிடித்தது: ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு உருண்டை, நடுவே காடிகளில் ஓடும் ஆறு குண்டுகள். ரப்பர் உறை கிழிந்து மண் போனால் காடி தேய்ந்து, ஒவ்வொரு குண்டும் தட்டிக்கொண்டு ஓடும். பழைய அம்பாசடர் மெக்கானிக்குகள் அந்தச் சத்தத்தைக் கேட்டு பேரிங்கையும் பிரேக்கையும் பிரித்துப் போட்டார்கள் என்று எங்கள் மெக்கானிக் சொன்னார். “ஆக்சில் சத்தம்னு தெரிய ரெண்டு வருசம் ஆச்சு.”

சக்கரத்து பேரிங் போனால் வருவது ரீங்காரம். வேகத்தோடு கூடும். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச்சக்கரத்தின் மேல் சாயும். அப்போது ரீங்காரம் கூடினால் பழுது வலது பக்கம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் ‘கட கட’ என்றால் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். எஞ்சினுக்கு நீளமான திருப்புளி: முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார்கள். 1816ல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இதே வித்தைதான். அதற்கும் முன்னால், 1761ல், ஆஸ்திரியாவில் ஔவன்புருகர் மார்பைத் தட்டிக் கேட்டு நோயறியும் முறையை எழுதினார். அவர் அப்பா சத்திரம் நடத்தியவர். பீப்பாயைத் தட்டி எவ்வளவு மது இருக்கிறது என்று பார்ப்பதைச் சிறுவயதில் கவனித்ததுதான் காரணம் என்பார்கள். நமக்கு இது புதிதில்லை. பானை வாங்கும் பாட்டிமார் விரல்முட்டியால் தட்டிப் பார்க்காமல் காசு தர மாட்டார்கள். லாரி நின்றதும் கிளீனர் இரும்புக் கம்பியோடு இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவதும் அதுதான். காற்றிறங்கிய டயர் வேறு மாதிரி பதில் சொல்லும்.

எங்கள் மெக்கானிக் சிறுவயதில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் இருந்திருக்கிறார். அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அகல், பொம்மையிலிருந்து ஃபியூஸ் கட்டைவரை செய்கிற ஊர். சூளையிலிருந்து வந்த சாமானைத் தட்டிப் பிரிப்பது அவர் வேலை. “நல்லது மணி மாதிரி இருக்கும். கீறல் இருந்தா பொத்துனு இருக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.” இதைச் சொல்லும்போது அவர் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். அசைவு இல்லை. அதில் அசைவு இருந்து, ஒருவர் பிரேக்கை மிதித்ததும் நின்றால் பேரிங்; நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பிறகு இடவலமாகப் பிடித்து ஆட்டினார். அதில் அசைந்தால் டை ராட் எண்ட். அதுவும் இல்லை. கிங் பின், புஷ், மூட்டு என்று நூறு வருஷத்துச் சந்தேகங்கள் இரண்டு நிமிஷத்தில் கழிந்தன.

மிச்சம் டயர். நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். 0, 0.

“இது சரிதான் தம்பி. வெயிட்டு சரியாத்தான் இருக்கு” என்றார். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றவிட்டு, உள்ளங்கையை டயரின் மேல் படும்படி வைத்துக்கொண்டார். அப்பா டேஷ்போர்டில் வைத்திருந்த மாதிரியே. “கைய வைங்க.”

வைத்தேன். ஒரு இடத்தில் டயர் உள்ளங்கையைத் தூக்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி சுற்றி வந்ததும் மறுபடி தூக்கியது. ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கல்லின் மேல் நிறுத்தி, முனை டயரை உரசும்படி வைத்துச் சுற்றினார். முக்கால் சுற்றுக்கு இடைவெளி. கால் சுற்றுக்கு உரசியது.

டயருக்கு உள்ளே, நாம் பார்க்கிற ரப்பருக்குக் கீழே, எஃகுக் கம்பிகளால் ஆன பட்டைகள் உண்டு. ரப்பரோடு ஒட்டியிருக்க வேண்டியவை. வருஷக்கணக்கில் சூட்டில் அவை விட்டுப்பிரிந்தால் அந்த இடம் உப்பும். உப்பலுக்கு எதிரே எடை வைத்து பேலன்ஸ் எந்திரத்தைப் பூஜ்யம் காட்ட வைக்கலாம். எந்திரம் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்டது எடையைப் பற்றி. சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வட்டமில்லாத சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டியை ஒரு பக்கம் தள்ளும். முப்பதில் கைக்கு ஊஞ்சலாகத் தெரிவது அதனால். தொண்ணூறில் அதன் உருவம் வேறு. இன்னும் கொஞ்ச தூரம் இதே வேகத்தில் போயிருந்தால் மேல்ரப்பர் உரிந்துகொண்டு போயிருக்கும். முன்சக்கரம். பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஸ்டெப்னியை மாட்டினார். கழற்றிய டயரைத் துடைத்து, பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். 2217. 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம், அப்போது செய்தது. நான் இந்தக் காரைப் பழைய காராக வாங்கி மூன்று வருஷம். டயரில் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒருநாளும் அந்த எண்ணைப் பார்த்ததில்லை.

“மத்ததயும் பாத்துடலாம்ணே” என்றேன்.

அப்பா அதற்குள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வண்டியைச் சுற்றி வந்துவிட்டார். மூன்றிலும் 2217. ஸ்டெப்னியிலும் அதுவே.

மெக்கானிக் மூன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துச் சுற்றிப் பார்த்தார். இப்போதைக்கு வட்டமாக இருக்கின்றன என்றார். திருச்சியில் இறங்கியதும் முதல் வேலையாக நான்கையும் மாற்றச் சொன்னார். நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார், அதுவும் ஸ்டெப்னி மாட்டியதற்கு.

“அதுவரைக்கும் எவ்ளோல போலாம்ணே?”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, “அறுபது” என்றார். அவர் சரி என்று தலையாட்டினார்.

பேருந்துகளும் ஆடு ஏற்றிய வண்டிகளும்கூட எங்களைத் தாண்டிக்கொண்டு போயின. திருச்சி போய்ச் சேர இருட்டிவிட்டது. ஸ்டியரிங் அசையவில்லை.